வாவிக்குப் பாலம் வந்தது, வாசலுக்கு?

எங்கட மட்டக்களப்புப் பக்கம் “பாதை” எண்டு சொன்னா வெளியூர் ஆக்கள் றோட்டைத்தான் நினைப்பாங்க. எங்களுக்கு அது வாவியைக் கடக்கிற மிதவையின் பேரும்தான். ஆக்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவது பாதை. குருமண்வெளி - மண்டூர், குருக்கள்மடம் - அம்பிளாந்துறை, மண்முனை என்று துறைகளின் பேரைச் சொன்னாலே படுவான்கரைச் சனத்துக்குக் காத்திருந்த நேரங்கள்தான் ஞாபகம் வரும்.

சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. நடுவில் வாவி. பழுகாமம் படுவான்கரையில், போரதீவுப்பற்றுக்குள் இருக்கிறது. வயலும் குளமும் மாடும் இந்தக் கரையில். பெரிய ஆஸ்பத்திரியும் கச்சேரியும் ரயில் நிலையமும் அந்தக் கரையில். பட்டிருப்புப் பாலம் இருந்தபடியால் பழுகாமத்தாருக்குக் களுவாஞ்சிகுடிக்குப் போக வழி இருந்தது. வடக்கே மண்முனைப் பக்கத்துச் சனம் 2014 ஏப்ரல் வரைக்கும் பாதையை நம்பித்தான் இருந்தது. அந்த மாதம்தான் ஜப்பானின் உதவியோடு கட்டப்பட்ட மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேணும். பாலம் இல்லாத காலத்தில் படுவான்கரைச் சனத்தைப் பார்த்து, “நீந்தி வரத் தெரியாதது உங்கட குறை” எண்டு ஆரும் சொல்லவில்லை. பாலம் கேட்டுத்தான் மனுக் கொடுத்தாங்க, கூட்டம் போட்டாங்க, தேர்தல் வந்தால் வாக்குறுதி வாங்கினாங்க. குறை பாலத்தில் இருக்கிறது என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் சக்கர நாற்காலியில் வந்த ஒராள் ஒரு அலுவலக வாசலில் மூன்று படிக்குக் கீழே நிற்கும்போது மட்டும் எங்கட கணக்கு மாறிப்போகிறது. “பாவம், கால் ஏலாது” எண்டு சொல்லுறம். இரண்டு பேர் ஓடிப்போய்த் தூக்குறம். படியைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அந்த மூன்று படி அவருக்கு ஒரு வாவி என்பது எங்களுக்குப் படுவதில்லை.

படியைப் பற்றிக் கதைக்க உலகமும் இந்த நாடும் எப்படிப் பழகின, அதற்கான சட்டம் ஆரால் வந்தது, வந்த சட்டம் ஏன் இன்னும் எங்கட கரைக்கு முழுசா வந்து சேரவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தனியாக ஓர் இடம்

இலங்கையில் இந்தக் கதை பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. 1912இல் மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி பார்வையற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கூடம் இரத்மலானையில் வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956இல் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை வந்தது. மட்டக்களப்பிலும் பார்வையற்ற பிள்ளைகளுக்குத் தரிசனம், செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு வாழ்வோசை என்று பாடசாலைகள் உண்டு. இவை இல்லாவிட்டால் எத்தனையோ பேர் எழுத்தும் படிப்பும் தெரியாமலே வீட்டு மூலையில் இருந்திருப்பார்கள். அந்த நன்றியை மறக்கக் கூடாது.

ஆனால் அந்தக் காலத்து யோசனைக்கு ஒரு எல்லை இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக ஓர் இடம், அங்கே நல்ல கவனிப்பு, மிச்சத்துக்கு மற்றவர்களின் இரக்கம். ஊர் தன்பாட்டில் இருக்கும். பள்ளிக்கூடம் முடித்து வெளியே வந்த பிள்ளை போகவேண்டிய பஸ், தபால் கந்தோர், வேலைத்தலம், கோயில் எல்லாம் முந்தி எப்படி இருந்ததோ அப்படியே இருந்தன.

யுத்தம் இந்த யோசனையின் போதாமையை எல்லாருக்கும் காட்டியது. ஷெல்லும் மிதிவெடியும் கால்களைக் கொண்டுபோன காலத்தில், 1980களின் கடைசியில், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கும் வேலை தொடங்கியது. 1960களின் கடைசியில் ராஜஸ்தானில் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய கால் அது. மேலைநாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேணும், குந்தி இருக்கவும் ஏலாது. ஜெய்ப்பூர் காலோடு வெறுங்காலில் நடக்கலாம், சம்மணம் போடலாம், வயல் சேற்றில் இறங்கலாம். வரம்பில் நடந்து பழகின மனுசருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் எண்டு படுவான்கரையில் ஆருக்கும் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கால் வெற்றி பெற்றதற்குக் காரணம், அதைச் செய்தவர்கள் அதைப் போடுகிறவரின் ஊரையும் தொழிலையும் பார்த்துச் செய்ததுதான். ஆனாலும் முழங்காலுக்கு மேலே காலை இழந்தவருக்கு உயரமான பஸ் மிதிபலகை மிதிபலகைதான். காலை மாற்றினால் போதாது, ஊரையும் மாற்ற வேணும்.

படியைக் குற்றம் சொன்னவர்கள்

ஊரை மாற்ற வேணும் என்று முதலில் உரக்கச் சொன்னவர்கள் மாற்றுத்திறனாளிகள்தான். விக் ஃபின்கெல்ஸ்டீன் என்று ஒருவர். தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை போனவர், சக்கர நாற்காலியில் இருந்தவர், பிறகு அகதியாக இங்கிலாந்துக்கு வந்தவர். ஒரு சனக்கூட்டத்தைத் தோலின் நிறத்துக்காக வாசலில் மறிப்பது என்றால் என்ன என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். அவரும் தோழர்களும் சேர்ந்த அமைப்பு 1976இல் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. உடம்பில் உள்ள குறைபாடு வேறு, சமூகம் அதன் மேல் கட்டி எழுப்புகிற தடை வேறு, எங்களை முடக்குவது அந்தத் தடைதான் என்பது அதன் சாரம்.

ஃபின்கெல்ஸ்டீன் ஒரு கற்பனை ஊரையும் சொன்னார். அந்த ஊரில் எல்லாரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். அவர்களுக்கு உயரமான கூரையும் கதவும் எதற்கு? எல்லாவற்றையும் பதித்துக் கட்டிவிட்டார்கள். அங்கே நடந்து போகிற சில பேர் குடிவருகிறார்கள். கதவு நிலையில் தலை முட்டுகிறது, முதுகு கூனுகிறது, நெற்றி எல்லாம் காயம். ஊர் வைத்தியர்கள் அவர்களைப் பரிசோதித்து, இவர்களுக்கு ஏதோ குறை என்று முடிவு கட்டுகிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஊரை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் அது எங்கட ஊர்.

அதே யோசனை வேறு நாடுகளில் கொன்கிறீட்டாகவே எழும்பியது. அமெரிக்காவின் கலமசூ நகரத்தில் 1945இல், உலகப் போரில் காயப்பட்டு வந்தவர்கள் தெருவைக் கடக்க நடைபாதை விளிம்புகளைச் சரித்துக் கட்டினார்கள். ஜப்பானின் ஒகயாமாவில் மியாகே செயிச்சி என்பவர் பார்வையற்றோர் காலாலும் பிரம்பாலும் தடவி வழி கண்டுபிடிக்கும் புடைப்புக் கற்களை உருவாக்கினார். 1967 மார்ச்சில் அங்கே பார்வையற்றோர் பாடசாலைக்குக் கிட்ட இருந்த தெருவில் முதன்முதலாகப் பதித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க ரயில் மேடைகளில் கிடக்கும் மஞ்சள் கற்களின் மூலம் அதுதான்.

இரக்கத்தால் வராததைப் போராட்டம் கொண்டுவந்தது. 1990 மார்ச் 12ஆம் திகதி வாஷிங்டனில் பாராளுமன்றக் கட்டிடத்தின் முன்னால் பல பேர் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, படிகளில் தவழ்ந்தே மேலே ஏறினார்கள். அதில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அதுவரை அந்தப் படிகளை அழகான படிகள் என்றுதான் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அந்த வருஷம் ஜூலை 26ஆம் திகதி மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார்.

எங்கட நாட்டுச் சட்டம்

இலங்கையும் சும்மா இருக்கவில்லை. 1988இல் வந்த ஒரு அரச சுற்றறிக்கை, அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்னது. 1996இல் அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன் 23ஆம் பிரிவைத்தான் நாங்கள் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேணும். வேலைக்கு எடுப்பதிலும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மற்றப் பொதுமக்கள் போகக்கூடிய எந்தக் கட்டிடத்துக்கும் இடத்துக்கும் போவதில் ஒருவரை அவரின் இயலாமையைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒரு மேசனுக்கு இதை வைத்து என்ன செய்ய ஏலும்? எத்தனை அடி, எத்தனை அங்குலம் எண்டு சொல்ல வேணாமா? அதற்குப் பத்து வருஷம் எடுத்தது. 2006 ஒக்டோபர் 17ஆம் திகதிதான் அணுகல் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. ஏற்கனவே இருந்த பொதுக் கட்டிடங்களை மூன்று வருஷத்துக்குள் மாற்ற வேணும் என்று அதில் இருந்தது.

அந்தத் திகதியை எங்கட கரையில் வைத்துப் பாருங்க. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி எழுவான்கரையை அள்ளிக்கொண்டு போயிருந்தது. திரும்பக் கட்டுகிற வேலைகள் நடந்துகொண்டிருந்தன. படுவான்கரையில் யுத்தம் திரும்பி, 2007இல் சனம் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தது. உயிரைக் காப்பாற்ற ஓடுகிற சனத்துக்கு வர்த்தமானி எங்கே தெரியும்? மூன்று வருஷ அவகாசம் முடிகிற நேரம்தான் சனம் வீடு வாசலுக்கு வந்து சேர்ந்து மூச்சு விட்டது.

சட்டம் தாளிலேயே கிடந்துவிடாமல் பார்த்துக்கொண்டவர் கலாநிதி அஜித் சி.எஸ். பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் அவர் ஓட்டிக்கொண்டு போன கார் மேல் வீதியோர மரம் ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகு அவருக்குச் சக்கர நாற்காலிதான். தனக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், கட்டிடம் எப்படிக் கட்டப்பட வேணும் என்று படித்தார், எழுதினார், அதிகாரிகளோடு வாதாடினார். கடைசியில் 2009இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார்.

2011 ஏப்ரல் 27ஆம் திகதி அந்த வழக்கில் உத்தரவு வந்தது. புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டிடங்கள் ஒழுங்குவிதிகளின்படி இருக்க வேணும், மலசலகூடமும் கழுவும் இடமும் அதில் அடங்கும், விதியை மீறிக் கட்டிய கட்டிடத்துக்கு அதிகாரிகள் இணக்கச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது, மீறுவது தண்டனைக்குரிய குற்றம். மலசலகூடத்தை நீதிமன்றம் குறிப்பிட்டது சின்ன விஷயம் இல்லை. வாசலால் உள்ளே போய்விட்டு, நாலு மணித்தியாலம் வரிசையில் நின்று, கழிப்பறைக்குப் போக ஏலாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணி குடிக்காமல் வருகிற பெண்களின் கஷ்டம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அஜித் பெரேரா 2020இல் காலமானார். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சாசனத்தில் 2007இல் கையெழுத்துப் போட்ட இலங்கை, 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் உறுப்புரை முழுக்க முழுக்க அணுகல் வசதியைப் பற்றியது.

இது ஒரு சில பேரின் பிரச்சினை எண்டு நினைக்கிற ஆக்களுக்கு ஒரு கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில், 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்குப் பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் அல்லது அது போன்ற ஏதாவது ஒன்றில் சிரமம் இருந்தது. நாடு முழுக்க 16 லட்சம் பேர். இதில் வயதானவர்கள் நிறைய. அதாவது, எங்கட அம்மம்மாவும் அப்பப்பாவும் இந்தக் கணக்குக்குள்ளேதான் இருக்கிறார்கள். ஆயுசு இருந்தால் நாங்களும் ஒரு நாள் இருப்போம்.

பதினெட்டு அடிக் கணக்கு

சட்டம் வந்தது, தீர்ப்பு வந்தது. பிறகு எங்கே சிக்குகிறது? அளவு நாடாவில்தான்.

சாய்வுப் பாதைக்கு உலகத்தில் பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு 1க்கு 12. ஒரு அங்குலம் உயர வேணும் எண்டா 12 அங்குலம் நீளம் வேணும். ஒரு படி 6 அங்குலம் எண்டு வைத்தால் மூன்று படிக்கு 18 அங்குல உயரம். அதற்குச் சாய்வுப் பாதை 18 அடி நீளம் வேணும். இடையில் தட்டையான இடம் விட்டால் இன்னும் கூடும். எங்கட பக்கத்துக் கட்டிடங்களில் நாங்கள் பார்க்கிற பல சாய்வுகள் ஐந்தாறு அடிக்கு மேலே போவதில்லை. வழுவழுப்பாகச் சீமெந்து பூசி, கைபிடி இல்லாமல், மழை பெய்தால் நல்லாக் கால் உள்ளவனே சறுக்கி விழுகிற மாதிரி. சில இடத்தில் சாய்வின் அடியில் வடிகான் மூடி உடைந்து கிடக்கும். சில இடத்தில் சாய்வு சரியாக இருக்கும், அதில் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருக்கும், அல்லது அது போய்ச் சேருகிற பக்கக் கதவு பூட்டியிருக்கும். கேட்டால், “அப்பிடி ஆரும் வாறல்லத்தானே” எண்டு பதில் வரும். வர ஏலாதபடி கட்டிவிட்டு, வருகிறார்கள் இல்லை என்று சொல்வது.

ஒரு பயணத்தை நினைத்துப் பாருங்க. பழுகாமத்திலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குச் சக்கர நாற்காலியில் ஒராள் போக வேணும். வீட்டு ஒழுங்கை மணல், மாரியில் சேறு. பஸ்ஸில் முன் இருக்கைக்கு மேலே மதகுருமார், கர்ப்பிணித் தாய்மார், மாற்றுத்திறனாளிகளுக்கு என்று எழுதியிருக்கும். அந்த இருக்கைக்குப் போக மூன்று உயரமான மிதிபலகை ஏற வேணும். நாற்காலியை எங்கே வைப்பது? ஆகவே ஆட்டோ. போக வர ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு, மாதாமாதம் கிடைக்கிற கொடுப்பனவை விழுங்கிவிடும். கூடப் போகிற மகனுக்கோ மகளுக்கோ அன்றைய கூலி இல்லை. இந்தச் செலவை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் காண ஏலாது. படி கட்டியவர் கட்டாத காசை அந்தக் குடும்பம் கட்டிக்கொண்டிருக்கிறது.

வாக்களிப்பதிலும் இதே கதை. 2011இல் வந்த இன்னொரு 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளி வாக்காளர் தனக்கு உதவ ஒராளைக் கூட்டிக்கொண்டு போக வழி செய்தது. நல்லது. ஆனால் வாக்குச் சாவடி பெரும்பாலும் பள்ளிக்கூட வகுப்பறை. அந்த வகுப்பறைக்குப் படி உண்டு. அந்தப் படி தேர்தலுக்கு மட்டும் இருப்பதில்லை, வருஷம் முழுக்க ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வைத்திருக்கிறது.

மணலிலும் ஏலும்

“எங்கட பக்கம் மணல், வெள்ளம். இதெல்லாம் கொழும்புக்குத்தான் சரி” என்பது நாங்கள் அடிக்கடி கேட்கிற நியாயம். சென்னை மெரினாக் கடற்கரையை விட மணல் எங்கே இருக்கிறது? அங்கே மாற்றுத்திறனாளிகளின் பல வருஷக் கோரிக்கைக்குப் பிறகு, 2022 நவம்பரில் 263 மீற்றர் நீளத்தில் மரப்பாதை ஒன்று திறந்தார்கள். கடல் பக்கத்திலேயே வாழ்ந்தும் அலையைக் கிட்டப் போய்ப் பார்க்காத பலர் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். இரண்டு கிழமைக்குள் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியை உடைத்துப் போட்டது. பிறகு திருத்தித் திரும்பத் திறந்தார்கள். புயல் வரும் என்பதற்காகப் பாலம் கட்டாமல் விடுவதில்லை. உடைந்தால் திருத்துவோம். மரப்பாதைக்கும் அதே நியாயம்தான்.

பழுகாமம் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குச் சனம் திரள்கிறபோது, கோயில் வீதி மணலில் ஒரு சக்கர நாற்காலி போக எத்தனை பலகை தேவைப்படும்? பந்தலுக்கும் லைட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு சேர்க்கிற எங்களுக்கு அது ஒரு பெரிய தொகை இல்லை.

சக்கர நாற்காலியோடு விஷயம் முடிந்துவிடாது என்பதையும் சொல்ல வேணும். செவிப்புலன் இல்லாத ஒருவர் ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடுவதை எப்படி அறிவது? பார்வை இல்லாதவருக்கு பஸ் எந்த ஊர் பஸ் எண்டு ஆர் சொல்வது? கூட்டமும் சத்தமும் தாங்காத பிள்ளையை அதட்டாமல் அமைதியாக இருக்க வைக்க ஒரு மூலை உண்டா? இந்தக் கேள்விகளுக்கு எங்களைப் போன்ற ஆக்கள் மேசையில் இருந்து பதில் எழுதினால் அந்த ஐந்தடிச் சாய்வு மாதிரித்தான் வரும். ஜெய்ப்பூர் காலைப் போல, பாவிக்கிறவரைக் கேட்டுச் செய்ய வேணும். அஜித் பெரேராவுக்கு அந்த அளவுகள் தெரிந்திருந்தது அவர் அந்தக் கதவுகளில் முட்டுப்பட்டதால்தான்.

இளைஞர்கள் எங்களுக்குக் கையில் இருக்கிறவை என்ன? ஒரு அளவு நாடா. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மட்டக்களப்பில் இருக்கிற மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம். 2011 தீர்ப்புக்குப் பிறகு கட்டின பொதுக் கட்டிடம் ஒன்றைத் தெரிவு செய்து, சாய்வின் நீளம், உயரம், கதவின் அகலம், மலசலகூடத்துக்குள் நாற்காலி திரும்ப இடம் உண்டா என்பதை அளக்கலாம். சக்கர நாற்காலி பாவிக்கிற ஒருவரோடு சேர்ந்து, அவருக்கு உழைப்புக்கான காசும் கொடுத்து அளக்கலாம். பிறகு அந்தக் கட்டிடத்துக்கு இணக்கச் சான்றிதழ் கொடுத்தது ஆர், எந்த அடிப்படையில் எண்டு எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

அதைவிட இலகுவானது, கட்ட முதலே கேட்பது. கட்டின பிறகு இடிப்பதற்குக் காசு இல்லை என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். வரைபடத்தில் 18 அடிக் கோடு ஒன்று போடுவதற்குக் காசு தேவையில்லை. எங்கட பிரதேசத்தில் அடுத்த நூலகமோ பல்தேவைக் கட்டிடமோ அங்கீகாரத்துக்குப் பிரதேச சபைக்கு வரும்போது, அந்தக் கோடு இருக்கிறதா எண்டு பார்க்க ஆக்கள் போயிருக்க வேணும். அதில் ஒருவராவது சக்கரத்தில் வந்தவராக இருக்க வேணும்.